தடியனின் மெல்லிய கோடு

பிப்ரவரி 3

அன்புள்ள ஒல்லிக்கு அக்கா எழுதுவது.

இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். உன் இருமல் விட்டதா? சலவைக்கடைக்கு மேலே அறை எடுக்காதே, நாள் முழுக்க ஆவி ஏறும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "குளிருக்கு இதமா இருக்கும்க்கா" என்றாய். இப்போது இருமு.

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம். ஆனால் எழுத்தைப் பற்றி நாம் போனில் பேசினால் கடைசியில் சண்டைதான் வருகிறது. தாளில் என்றால் ஓரத்தில் வரைந்து காட்டிவிட்டுப் போய்விடலாம்.

உன் தடியன் இங்கே நன்றாக ஓடுகிறான். உங்கள் அலுவலகத்தில் நீ வரைந்த அந்த எழுத்துருவுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அவன் தடியன்தான். தொப்பை போட்ட தண்டு, அதைப் பக்கத்துத் தண்டோடு சேர்க்கிற மயிரிழை, அடியில் சப்பையாக ஒரு பாதம். பாதம் இருப்பதால்தான் அவன் விழாமல் நிற்கிறான் என்று வருகிறவர்களிடம் அளந்துவிடுகிறேன். நகைக்கடைக்காரர், வக்கீல், பேருந்து முதலாளி எல்லோருக்கும் அவன்தான் வேண்டும். பல் மருத்துவர் மட்டும் "பாத்தாலே பல்லைப் புடுங்க வர்ற மாதிரி இருக்கேம்மா" என்றார். அதைத்தானே செய்கிறீர்கள் என்று வாய் வரை வந்தது. நூலகத்துக்கு 'சத்தம் போடாதீர்கள்' என்று போட்டுக் கொடுத்தேன். பலகைதான் அதிகம் சத்தம் போடுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கடையின் பலகையை மாற்றலாம் என்றிருக்கிறேன். 'இருவர் எழுத்தகம்' என்பது நீளமாகத் தெரிகிறது. 'எழுத்தகம்' மட்டும் போதும். உன் கையால் இடைவெளி பார்த்து ஒழுங்காக வரைந்து அனுப்பு.

உன் மாமாவுக்குத் தலைக்கு மேல் வேலை. அதனால் தனியாக எழுதமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் பரவாயில்லை. உனக்கு மூச்சு இழுப்பு வருகிறதா? மாமா சுகமா? 'எல்லோரும்' என்று எழுதியிருந்தாய். இருப்பதே நீங்கள் இரண்டு பேர். இத்தனை நாளும் "நாங்க நல்லா இருக்கோம்" என்றுதான் எழுதுவாய்.

'எழுத்தகம்' வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். தடியன் அகலமான இடத்துக்குப் பிறந்தவன். பலகை, சுவரொட்டி, புத்தக அட்டை, பெட்டியின் மூடி, எங்கே இடம் தாராளமோ அங்கே அவனுக்கு மரியாதை. பொடி எழுத்தில் போட்டால் மூச்சுத் திணறிப்போவான். உன் கடை வாசலில் இடத்துக்குப் பஞ்சமே இல்லையே. நீளத்தைக் குறைத்து யாருக்கு என்ன லாபம்?

அந்தப் பழைய பலகையில் 'இருவர்' என்ற சொல்லைத்தான் நான் மிகவும் ரசித்து வரைந்தேன். 'ரு' வின் அடி வளைவும் 'வ' வின் தண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் பக்கத்தில் நிற்கும். ஏன் எடுக்கிறாய்?

போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். "கையில் வேலை" என்று குறுஞ்செய்தி வருகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாமாவை ஒரு தடவை கூப்பிடச் சொல்.

ஒல்லி

மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

சுகம்தானே. நானும் சுகம்.

உன் தடியனில் 'வெட்டகம்' என்று ஒரு பலகை வேண்டும். வரைந்து அனுப்பு. முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், இந்த முகவரிக்கே போடு. இடைவெளி எல்லாம் எனக்குப் பார்க்கத் தெரியாது. வந்ததை வெட்டுவேன், அவ்வளவுதான். உனக்குத் தெரியும்.

நான் கேட்டதாக அக்காவிடம் சொல்லாதே. அவளுக்கு வேலை அதிகம்.

மாமா

மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களே பேனா எடுத்து எழுதியிருக்கிறீர்கள்! கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு நீங்கள் எழுதிய முதல் கடிதம் இதுதான். சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இப்போதுதான் எல்லாம் புரிகிறது. இன்னொரு கிளை திறக்கிறீர்கள்! முன்னால் வரைவதற்கு ஒரு கடை, வெட்டுவதற்குத் தனியாக ஒரு கடை. அதனால்தான் அக்கா 'எழுத்தகம்' மட்டும் கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் பலகை மாட்டி ஆச்சரியப்படுத்தப் போகிறீர்கள். ஆளைப் பார்த்தால் வாயைத் திறக்கமாட்டார், உள்ளே இத்தனையா என்று சிரித்துக்கொண்டேன். 'வெட்டகம்' வரைந்திருக்கிறேன். அவள் பலகைக்கும் உங்கள் பலகைக்கும் எழுத்தின் உயரம், பாதத்தின் அகலம் எல்லாம் ஒன்றாக வைத்திருக்கிறேன். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று பார்த்ததுமே தெரியும்.

அக்காவிடம் மூச்சு விடமாட்டேன்.

உங்கள் அன்பு மாப்பிள்ளை
ஒல்லி

ஏப்ரல் 11

ஒல்லி,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த டயர் கடையில், உன் தடியன் 'வெட்டகம்' என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். என் பலகையில் இருக்கிற அதே பாதம், அதே தொப்பை, அதே உயரம். என் தம்பியே வரைந்து கொடுத்திருக்கிறான்! காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினேன், கண்ணாடியில் என்னையே பார்ப்பது போல இருந்தது. உனக்கு எப்படிடா மனசு வந்தது?

உனக்குத் தெரியாது என்று தெரியும். தெரியாமல்தான் கொடுத்திருப்பாய். நான்தான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் மாமா ஜனவரியில் எழுத்து வெட்டுகிற மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். இருப்பதும் அங்கேயேதான். எல்லாம் ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவில் வந்த வினை. பலகை நாங்கள் செய்தது. ரிப்பன் வெட்டுகிற நேரத்தில் 'க' வின் இழை பட்டென்று விட்டுப் பாதி எழுத்து முதலாளியின் காலடியில் வந்து விழுந்தது. கூட்டம் மொத்தமும் எங்களைப் பார்த்தது. "யாரும்மா இதுக்குப் பொறுப்பு?" என்றார் அவர். எனக்கு நாக்கு முந்திவிட்டது. "வெட்டினவரைக் கேளுங்க" என்றேன். உடனே உன் மாமா, என்னைப் பார்க்காமல், "வரைஞ்சவங்களக் கேளுங்க" என்றார்.

வரைஞ்சவங்க. என்னை. கல்யாணமான நாளிலிருந்து 'நீ, வா, போ' என்று பேசுகிற மனுஷன், யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வது போல 'வரைஞ்சவங்க' என்றார். நானும் 'வெட்டினவர்' என்றேன்தான். மறுக்கவில்லை.

ஆனால் என் வரைபடத்தில் தப்பே இருக்க முடியாது. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் தடியனை நீ தருகிறபடி நான் வெட்டக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு எழுத்திலும் அந்த மயிரிழையைக் கொஞ்சம் தடிப்பாக்கித்தான் கொடுப்பேன். முன்பு ஒரு தடவை இழை உடைந்து அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட கையோடு அவர் சோறு பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், அன்றிலிருந்து செய்கிறேன். அவருக்குத் தெரியாது. சொன்னால், "என் கைமேல நம்பிக்கை இல்லையா?" என்பார். அவ்வளவு தடிப்பாக்கியும் உடைந்தது என்றால் வெட்டினதில்தானே கோளாறு?

இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே.

வருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். பலகை வேண்டும் என்று அங்கே போனால், "வரையறது எதிர்க்கடை" என்கிறாராம். இங்கே வந்தால் நான் வரைந்து கொடுத்துவிட்டு, "வெட்டறது எதிர்க்கடை" என்கிறேன். ஒரு பழக்கடைக்காரர் மூன்று தடவை ரோட்டைக் கடந்துவிட்டு, "என்னய்யா இது, நான் பலகை கேட்டேனா பந்து விளையாடக் கேட்டேனா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சலவைக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என்னை மன்னித்துவிடு. கிளை திறக்கிறீர்கள் என்று நினைத்தேன். 'ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்' என்று மாமாவுக்கு எழுதிவேறு தொலைத்தேன். நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இழையைத் தடிப்பாக்கினாய் என்று கோபமில்லை. கொஞ்சம் வலித்தது, உண்மை. தடிப்பும் மெல்லிசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்தான் தடியன் அழகன். மெல்லிசு போய்விட்டால் அவன் வெறும் குண்டன். ஆனால் நான் அவனை முதலில் அச்சுக்குத்தான் வரைந்தேன். தாளில் மை எதையும் தாங்க வேண்டியதில்லை. பலகையில் அந்த இழைதான் பாதி எழுத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்படியானால் தப்பு என்னுடையதா? ஆனால் நீதான் தடிப்பாக்கியிருக்கிறாயே, பிறகு எப்படி உடையும்? மாமாவின் கை எனக்குத் தெரியும், அதில் பிசகு வராது. உன் கையும் தெரியும். இரண்டு பேரும் சரி என்றால் உடைந்தது எது? யோசிக்க யோசிக்கத் தலைதான் சுற்றுகிறது.

நீ மாமாவோடு ஒரு தடவை பேசக் கூடாதா?

ஒல்லி

மே 2

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா சொன்னாள். கிளை என்று உளறியதற்கு மன்னியுங்கள். நீங்கள் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது என்ன நினைத்திருப்பீர்களோ.

நான் பஞ்சாயத்துப் பேச வரவில்லை, எனக்கு அந்த வயதும் இல்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்தத் துணிக்கடை எழுத்தை எப்படிச் செய்தீர்கள்? மெஷினில் வைத்ததிலிருந்து மாட்டினது வரை எனக்கு எழுதுங்கள். எழுத்து வரைகிறவனாகக் கேட்கிறேன்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

ஒல்லி

ஜூன் 14

அக்கா,

ஏப்ரலில் கடிதம் போட்டேன், பதில் இல்லை. மாமாவிடமிருந்தும் இல்லை. மூச்சு இழுப்பு அதிகமாகிவிட்டதா? அதை மட்டுமாவது எழுது. இங்கே அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. தடியனைத் திரையில் திறந்தால் இழையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "புது எழுத்து வரையறியா, பழையதுக்குத் துக்கம் கொண்டாடறியா?" என்று மேலாளர் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

ஒல்லி

ஜூலை 6

மாப்பிள்ளைக்கு,

சுகம். சாப்பாட்டுக்கு நானே பொங்கிக்கொள்கிறேன். உப்புதான் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

எப்படிச் செய்தேன் என்று கேட்டாய். இரண்டு மாதமாக யோசித்தேன், என்ன எழுதுவது என்று. செய்வதைச் செய்வேன், எழுத வராது.

அவள் கொடுக்கிற படத்தை மெஷினில் போடுவேன். வெட்டி வருகிற எழுத்து கொஞ்சம் கொழுத்து வரும். சூட்டில் அப்படி ஆகிறது போல. மெஷினை எத்தனையோ தடவை பிரித்து மேய்ந்துவிட்டேன், சரியாகவில்லை. அதனால் ஒவ்வொரு இழையையும் அரம் போட்டுக் கையால் ராவி மெல்லிசாக்குவேன். நீ முதன்முதலில் அனுப்பிய மாதிரித் தாள் சுவரில் இருக்கிறதே, அதோடு ஒத்துப்போகிற வரை ராவுவேன். ராவுகிற தூசி அவளுக்கு ஆகாது, பின்கட்டுக்கு அவள் வரமாட்டாள். ஆகவே அவளுக்குத் தெரியாது.

ஏன் அத்தனை பாடு என்று கேட்பாய். அந்தத் தாளில் மெல்லிசுக் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் பென்சிலால் 'உயிரே இதில்தான் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். கொழுத்த எழுத்தை மாட்டினால் மனசுக்குள் வருத்தப்படுவாள், வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அதற்காகத்தான்.

தாளில் இருக்கிறபடிதான் கொண்டுவந்தேன். அப்படியும் உடைந்தது என்றால் வரைந்ததிலேயே இழை தாங்காது என்று அர்த்தம். அதைத்தான் அங்கே சொன்னேன். சொன்ன விதம் தப்பு. அவள் 'வெட்டினவர்' என்றதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

இதையெல்லாம் நான் எழுதியதாக அவளிடம் சொல்லாதே.

மாமா

ஜூலை 19

(இரண்டு உறைகள், இரண்டு முகவரிகள், உள்ளே ஒரே தாள்)

அன்புள்ள அக்காவுக்கும் அன்புள்ள மாமாவுக்கும்,

இரண்டு பேரும் ஆளுக்கொரு விஷயத்தைச் சொல்லி, சொல்லாதே என்றும் கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. எழுத்து வரைகிறவன் புது எழுத்தோடு அனுப்ப வேண்டிய குறிப்பை மட்டும் அனுப்புகிறேன். அது என் தொழில்.

தடியன், பலகைக்கு உரிய புது வார்ப்பு.

பயன்: கடைப் பலகைகள், வாசல் எழுத்துகள், தூரத்திலிருந்து படிக்க வேண்டியவை. பொடி எழுத்துக்கு ஆகாது. யாரையும் அமைதியாக இருக்கச் சொல்ல ஆகாது.

வரைபவர் கவனத்துக்கு: இழை போதுமான அளவு தடிப்பாக்கப்பட்டுவிட்டது. வெட்டுபவரின் கையை நினைத்து மேலும் தடிப்பாக்க வேண்டாம்.

வெட்டுபவர் கவனத்துக்கு: மெஷினில் கோளாறு இல்லை, இதுவரையும் இருந்ததில்லை. வரைந்தவரின் பென்சில் குறிப்பை நினைத்து ராவ வேண்டாம்.

ஒல்லி

ஆகஸ்ட் 30

என் தம்பி ஒல்லிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா?

உன் தாள் வந்த அன்று கடை வாசலில் நின்றுதான் பிரித்தேன். வரைபவர் குறிப்பைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, இப்படி எழுத்தில் போட்டு மானத்தை வாங்கிவிட்டானே என்று. அடுத்த குறிப்பு புரியவே இல்லை. ராவ வேண்டாமா? யார் ராவினார்கள்? எந்தப் பென்சில் குறிப்பு? திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், எதிர்க்கடை வாசலில் உன் மாமா கையில் அதே தாளோடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நடுவில் ஒரு தண்ணீர் லாரி வேறு வந்து மறைத்தது. அது போகிற வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்தான் ரோட்டைக் கடந்தேன். "யாரு ராவினது?" என்றேன். "யாரு தடிப்பாக்கினது?" என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவர் வேலை செய்கிற இடத்துக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போகிறேன். சுவரில் உன் பழைய மாதிரித் தாள், அதில் என் கையெழுத்து. எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. அடியில் சின்னதும் பெரியதுமாக அரங்கள். வெட்டிப் போட்ட எழுத்துகளின் தூள் தரையெல்லாம். நான் தடிப்பாக்கியதெல்லாம் அங்கேதான் கிடந்தது, ஒல்லி. அவர் கை கிழியக் கூடாது என்று நான் சேர்த்ததை, நான் வருத்தப்படக் கூடாது என்று அவர் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசிதான் என்று நினைத்துக்கொண்டு அவர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"நான் உன்னை வரைஞ்சவங்கன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "நானும் அந்த ஆள்கிட்ட உங்களைக் காட்டிக் கொடுத்திருக்கக் கூடாது" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். பிறகு அவர் பொங்கி வைத்திருந்ததைச் சாப்பிட்டேன். உப்பே இல்லை. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

இப்போது உன் புது வார்ப்பைப் பற்றி. அனுப்பினாய், நன்றி. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கும் பிடிக்கவில்லை, அவருக்கும் பிடிக்கவில்லை. இழை தடிப்புமில்லை, மெல்லிசுமில்லை. ஆளைப் பார்த்தால் சோர்ந்துபோய் இருக்கிறான். கோபித்துக்கொள்ளாதே. பழைய தடியனையே எடுத்தோம். நான் வழக்கம்போல இழையைத் தடிப்பாக்கிக் கொடுத்தேன். வெட்டிவிட்டு அவர் வழக்கம்போல ராவினார். "இப்பத்தான் தெரியுமே, அப்புறம் ஏன் ராவறீங்க?" என்றேன். "நீ ஏன் தடிப்பாக்கற?" என்றார். ஒன்று மட்டும் புதிது. இழைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு துண்டு ஒட்டிவிடுகிறார். முன்னால் நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. இனி உடையாது.

மெஷின் போன வாரம் திரும்பி வந்தது. என் பலகைக்கு இடது பக்கம் 'இருவர்' திரும்ப ஏறிவிட்டது. அலமாரிக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து அவரே திருகினார். இரண்டு சொல்லும் ஒரே வரிசையில் இல்லை, 'இருவர்' கொஞ்சம் இறங்கி நிற்கிறது. உன் கண்ணுக்கு உறுத்தும். வந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு இரு.

இருமலுக்கு மருந்து வாங்கினாயா?

உன் அக்கா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, சுகம். உன் அக்கா இழையை முன்னைவிட அதிகமாகத் தடிப்பாக்குகிறாள். ராவி ராவிக் கை ஓய்கிறது. பக்குவமாகச் சொல்லி வை. நான் சொன்னதாகச் சொல்லாதே. மாமா

படித்துவிட்டேன். அக்கா